பாண்டை மடிச்சு வைங்க, லேப்டாப்பைப் பத்திரமா வைங்க

திருப்பூர்ல இருந்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஓனர் கேட்டிருக்கார்: மெர்ச்சண்டைசர் (பையரோட பேசி ஆர்டரைப் பாத்துக்கிறவர்) ஒருத்தர் ரிசைன் பண்றதுக்கு முந்தின வாரம் பையர் லிஸ்ட், காஸ்டிங் ஷீட், டெக் பேக் (டிசைன், அளவு விவரம் இருக்கிற ஃபைல்) எல்லாத்தையும் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு போட்டி கம்பெனில சேர்ந்துட்டார், ரெண்டு வருஷம் அப்படி சேர மாட்டேன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல பாண்ட் இருக்கு, அதை வெச்சு நிறுத்த முடியுமா?

பாண்டை வெச்சு முடியாதுங்க. 1872 ஒப்பந்தச் சட்டத்தோட 27-வது பிரிவுப்படி, வேலைய விட்ட பிறகு ஒருத்தர் பிழைக்கிறதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது, ஸ்டாம்ப் பேப்பர் எவ்வளவு ரூபாய்க்கு இருந்தாலும் சரி. ஆளைத் தடுக்க முடியாது, ஆனா அவர் எடுத்துட்டுப் போன ஃபைலைத் தடுக்கலாம், உங்க கேஸ் அங்கதான் இருக்கு.

இதுக்கு நடுவுல யாராவது கன்சல்டன்ட்டுன்னு வந்து "டிரேட் சீக்ரெட்டை ரெஜிஸ்டர் பண்ணித் தர்றேன், சர்டிஃபிகேட் வரும்"னு சொன்னா ஒத்த பைசா கொடுக்காதீங்க. டிரேட்மார்க்குக்கு ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு, பேட்டன்ட்டுக்கு இருக்கு, தொழில் ரகசியத்துக்கு இந்தியாவுல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. ரகசியத்தை எங்க போய் பதியறது? கலர் கலரா சீல் அடிச்ச பேப்பரைக் கொடுத்து காசு வாங்கிட்டுப் போயிடுவாங்க, கோர்ட்ல அதுக்கு மதிப்பே இல்ல. நெட்ல இருந்து இறக்கின அமெரிக்க என்டிஏவை (ரகசியம் காக்கிற ஒப்பந்தத்தை) அப்படியே பேர் மட்டும் மாத்தி விக்கிறவங்களும் இதே கூட்டம்தான்.

இப்ப அவர் யூஸ் பண்ணின ஆபீஸ் லேப்டாப். புது ஸ்டாஃபுக்குக் கொடுக்கணும்னு சிஸ்டம் சர்வீஸ் பையன் அதை ஃபார்மேட் பண்ணிடுவார், பாதி கேஸ் அங்கேயே செத்துடும். அணைச்சு, யார்கிட்ட இருக்குன்னு எழுதி பூட்டி வைங்க. 2024 ஜூலை 1-ல இருந்து வந்திருக்கிற புது சாட்சியச் சட்டத்துல 63-வது பிரிவுன்னு இருக்கு, டிஜிட்டல் ஆதாரம் கொடுத்தா கூடவே சர்டிஃபிகேட் வேணும், அதுல ஹேஷ் வேல்யூ (ஃபைல் மாறலன்னு காட்டற, கைரேகை மாதிரியான ஒரு எண்) எழுதணும், நிபுணர் ஒருத்தரும் கையெழுத்துப் போடணும். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட்டை நம்பிப் போகாதீங்க. இன்னொண்ணு, அவரோட ஜிமெயில் அந்த மெஷின்ல லாகின் ஆகியே இருக்கலாம், ஆத்திரத்துல உள்ள போய்ப் பாத்துடாதீங்க, ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 43-வது பிரிவு உங்க மேலயே திரும்பும். உங்க ஆபீஸ் மெயில் சர்வர் லாக்ல எது எப்ப போச்சுன்னு இருக்கும், அது போதும். அவரோட ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வெச்சிருந்தா உடனே திருப்பிக் கொடுத்துடுங்க, கோர்ட்ல அது உங்களுக்குத்தான் கெட்ட பேரு.

பையர் லிஸ்ட் விஷயத்துல கொஞ்சம் பொறுமையா கேளுங்க, எல்லாரும் சறுக்கறது இங்கதான். லிஸ்ட் முழுக்க ரகசியம்னு கோர்ட் ஒத்துக்காது. 1995-ல டெல்லி ஹைகோர்ட் பர்லிங்டன் கேஸ்ல, உழைச்சுத் தொகுத்த கஸ்டமர் டேட்டாபேஸை வேலைய விட்டவர் காப்பி பண்ணி யூஸ் பண்ணக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அதே கோர்ட் 2006-ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பேங்க் கேஸ்ல, கஸ்டமர் பேரும் நம்பரும் தெரியும்ங்கிறதுக்காக ஒருத்தரை வேலை செய்ய விடாம தடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அதனால டிரேட் ஃபேர்ல (கண்காட்சியில) யார் வேணா பாக்கக்கூடிய பையர் பேரு, அவர் மண்டையில இருக்கிற பழக்கம் இதுக்கெல்லாம் சண்டை போடாதீங்க. எந்தப் பையருக்கு எந்த ஸ்டைலுக்கு என்ன ரேட், துணி எவ்வளவு போகுது, மார்ஜின் எவ்வளவு, இதெல்லாம் இருக்கிற ஷீட்டைப் பிடிங்க.

போலீஸுக்கும் போகலாம், ஐடி சட்டம் 66-ல மூணு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, ஆனா விசாரிக்கிறவர் இன்ஸ்பெக்டராவது இருக்கணும், ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர் சார், கோர்ட்டுக்குப் போங்க"ன்னு திருப்பி அனுப்பறதைத்தான் நான் அதிகமா பாக்கறேன். சட்ட கமிஷன் 2024-லயே 289-வது அறிக்கையில தொழில் ரகசியத்துக்குன்னு தனிச் சட்டத்துக்கு வரைவே எழுதிக் கொடுத்துட்டாங்க, அது அப்படியே கிடக்குது, சின்ன கம்பெனிக்காரங்க இன்னமும் பழைய சட்டத்துல துண்டு துண்டா பொறுக்கி கேஸ் போட வேண்டியிருக்கு, எரிச்சலா இருக்குங்க.

அதனால முதல்ல அவருக்கும் புது கம்பெனிக்கும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் விடுங்க, புது கம்பெனிக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சுன்னு ரெக்கார்டு ஆகணும். பின்னாடியே தடை உத்தரவு கேளுங்க, ஆறு மாசம் கழிச்சுப் போனா இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்கன்னுதான் கேப்பாங்க. டிரைவ் ஷேரிங், டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பாஸ்வேர்ட், பையர் போர்ட்டல் லாகின் மூணையும் இன்னைக்கு ராத்திரியே மாத்திடுங்க, ஆள் போய் மாசக்கணக்கானாலும் நெறைய கம்பெனில அது திறந்தேதான் கிடக்குது.