ஒரு காட்சியில் மட்டும் அவர் ஏன் எழுந்துபோனார்?

அன்புள்ள மேடம்,

எனக்கு 31 வயது, கணவருக்கு 35. திருமணமாகி நான்கு வருடமாகியும் குழந்தை இல்லை. எனக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்.

போன மாதம் இருவரும் 'டோரெமோலினோஸ் 73' என்ற ஸ்பானிஷ் படம் பார்த்தோம். கணவனும் மனைவியும் வீட்டிலேயே ஆபாசப் படம் எடுத்துப் பிழைக்கிற கதை. விழுந்து விழுந்து சிரித்தவர், கணவனுக்கு விந்தணு இல்லை என்று தெரிகிற இடத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இப்போது "நாமும் போனில் எடுப்போம், நமக்கு மட்டும்தானே" என்கிறார். மறுத்தால் நான் பழைய பஞ்சாங்கமாம். என்ன சொல்லட்டும்?

– வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கேட்டது ஒன்றைத்தான். முதலில் அதற்குப் பதில்: எடுக்க வேண்டாம். காரணம் கூச்சம் அல்ல.

அந்தப் படத்தின் ஆல்ஃபிரடோ, கலைக்களஞ்சியம் விற்பனையாகாமல் வாடகைக்குத் திண்டாடுகிறவர். மனைவி கார்மென் கேமரா முன் வந்தது ஆசைப்பட்டு அல்ல, பணமுடையால். அவள் உண்மையில் கேட்டது குழந்தை. கணவன் கேமராவில் மூழ்க மூழ்க அந்தப் பேச்சுக்கு இடமே இல்லாமல் போகிறது. பாப்லோ பெர்கெர் 2003இல் எடுத்த நல்ல நகைச்சுவைப் படம்தான். ஆனால் சிரிப்புக்கு அடியில் இருப்பது இதுதான்.

அந்தக் கதை நடக்கும் காலத்தில் வீட்டுக் கேமராவுக்கான சூப்பர் 8 ஃபிலிம் பெட்டி ஒன்றில் 50 அடி, ஓடுவது மூன்று நிமிடம் இருபது வினாடி. கழுவக் கொடுத்தால்தான் படம். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினில் ஆபாசப் படத்துக்குத் தடை. அவர்கள் எடுத்தது போனது ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கு. அவற்றில் ஒன்றான டென்மார்க்கிலோ 1969லேயே சட்டத் தடை நீங்கிவிட்டது. "அங்கே ஓடட்டும், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்" என்று நம்ப முடிந்தது. உங்கள் போனில் அந்தத் தூரம் இல்லை. எடுத்த கையோடு கூகுள் போட்டோஸில் ஏறிவிடலாம். அழித்தாலும் அங்கே குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை கிடக்கும். டிஸ்ப்ளே மாற்றக் கொடுக்கும் கடையில் பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான் பலர் கொடுக்கிறார்கள். எடுக்கச் சம்மதித்தாலும், உங்களைக் கேட்காமல் பரப்பினால் அது நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம்தான். ஆனால் பரவிய பிறகு சட்டத்தால் அதைத் திரும்ப அள்ள முடியாது.

இன்னொன்று. படுக்கையில் தன்னைத் தானே வெளியே நின்று பார்க்கத் தொடங்கினால் கிளர்ச்சி அடங்கிவிடும். 'பார்வையாளர் நிலை' என்பார்கள். சோதனைக்கு அஞ்சும் ஆணுக்கு இது ஏற்கெனவே இருக்கும். கேமரா அதைக் கூட்டும். புதுமைதான் வேண்டுமென்றால் ஒரு நிலைக்கண்ணாடி போதும், அது எதையும் சேமித்து வைக்காது. தேதி குறித்து "இன்றைக்கே" என்று அவரை அழைப்பதையும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் கருமுட்டை வெளிவரும் நாள் தானாகவே அதில் அடங்கிவிடும்.

இனி அவர் எழுந்துபோன காட்சிக்கு வருவோம். இரவில், படுக்கையில் பேசாதீர்கள். வண்டியில் போகும்போதோ, மொட்டை மாடியில் நடக்கும்போதோ பேசுங்கள். முகம் பார்க்காத இடத்தில் ஆண்களுக்கு வாய் வரும். "ரிப்போர்ட்டை முதல்ல நீங்களே பாருங்க. அத்தைகிட்ட என் வாயால போகாது" என்று சொல்லிப் பாருங்கள். பலர் அஞ்சுவது ரிப்போர்ட்டை அல்ல, அது வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவதைத்தான்.

விந்துப் பரிசோதனை எளிது, சொதப்புவதும் எளிது. அதற்கு முன்பு 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் சேகரிக்கக் கூடாது, சோப்போ எண்ணெயோ படக் கூடாது. முதலில் வருகிற துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தினால் லேபில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். ஃப்ரிட்ஜ் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் அளவு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள். அதற்குக் கீழே வந்தாலும் தீர்ப்பு அல்ல. போன மாதம் வந்த கடுமையான காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்திருக்கும். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் குறைந்தால் ஆண் மலட்டுத்தன்மை பார்க்கிற யூராலஜிஸ்ட்டிடம் இருவருமாகப் போங்கள். விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம் (வேரிகோசீல்) போன்றவற்றைச் சரிசெய்ய முடியும். ஒரு அணுகூட இல்லை என்று வந்தாலும், பாதையில் அடைப்பு என்றால் விதையிலிருந்து நேரடியாக எடுக்க வழி இருக்கிறது. இதை ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள்.