ஏப்ரலில் றூஜில் ஓடின மீன் ஜூலையில் எங்கே போச்சு?

தம்பி கேட்டிருப்பது இதுதான். ஜனவரியில் கனடாவில் ரொறொன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வந்தவர். ஏப்ரலில் றூஜ் ஆற்றில் முழங்கையை விட நீளமான மீன்கள் முதுகு தெரிய மேலேறிப் போனதைக் கண்டிருக்கிறார். ஜூலையில் தூண்டிலோடு போனால் விரல் நீளக் குஞ்சுகள்தான். ஆரும் வலை போட்டு அள்ளிவிட்டார்களோ என்று சந்தேகம்.

அள்ளவில்லை. நீங்கள் கண்டது றூஜில் குடியிருக்கிற மீனே இல்லை. ஒன்ராறியோ ஏரியில் தின்று கொழுத்து, முட்டையிட மட்டும் ஆற்றுக்குள் ஏறி வருகிற ரெயின்போ ட்ரவுட். ஏரியிலிருந்து வருகிறதை இங்கே ஸ்டீல்ஹெட் என்று சொல்லுவார்கள். பசிபிக் கரைக்குரிய மீன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பெரிய ஏரிகளில் கொண்டுவந்து விட்டார்கள். இலங்கையில் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளைக்காரர் விட்டதும் இதே இனம்தான்.

இதன் வருஷக்கணக்கு தை மாதத்தில் தொடங்காது, இலையுதிர்காலத்தில் தொடங்கும். ஒக்ரோபர் கடைசியில் நல்ல மழை பெய்து ஆறு பெருகினால் ஒரு பகுதி மீன் உள்ளே வரும். மழைத்தண்ணீர் ஏரிக்குள் கொண்டுபோகிற ஆற்று மணமும் தண்ணீர் குளிர்வதும்தான் அதற்கு அழைப்பு. வந்தது உடனே முட்டையிடாது. பனிக்காலம் முழுக்க ஆழமான, ஓட்டம் குறைந்த மடுக்களில் அடியோடு அடியாகக் கிடக்கும். தண்ணீர் 1, 2 பாகை செல்சியசுக்கு இறங்கினால் உடம்பு மந்தமாகிவிடும். மூக்குக்கு முன்னால் வந்தால் ஒழிய இரையைத் துரத்தாது. மற்றப் பகுதி மார்ச்சில் பனி உருகி ஆறு பெருகும்போது ஏறும். தண்ணீர் 5 முதல் 10 பாகைக்குள் நிற்கும் நாட்களில் முட்டையிடுதல் நடக்கும். நீங்கள் கண்ட கூட்டம் அதுதான்.

அந்த நேரம் தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் ஒன்றை அடையாளம் காணப் பழக வேண்டும். ஆற்றடிக் கற்கள் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கும். அதுக்கு நடுவில் பாய் விரித்த மாதிரி ஒரு வெளிறிய, கழுவித் துடைத்த சரளைத் திட்டுத் தெரிந்தால் அது முட்டைக் குழி. பெண்மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்தடித்துக் கல்லைக் கிளப்பும். பள்ளத்தில் முட்டை விட, ஆண் அதன்மேல் விந்தைப் பாய்ச்சும். பிறகு பெண் சற்று மேலே போய் அடிக்க, அந்தக் கல் உருண்டு வந்து முட்டையை மூடும். முட்டை ஒரு சாண் ஆழத்தில் இருக்கும். 10 பாகைத் தண்ணீரில் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம், 4, 5 பாகையில் இரண்டரை மாதம் வரை இழுக்கும். அத்தனை நாளும் கல் இடுக்குகளால் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. ஒரு சப்பாத்துக்கால் அதை மிதித்தாலோ, மேலே வீடு கட்டுகிற இடத்துச் சேறு வந்து படிந்தாலோ எல்லாம் போச்சு. குழி கண்டால் கரையால் சுற்றிப் போங்கோ.

ரெயின்போ முட்டையிட்டதும் சாகாது. மெலிந்து, வால் தேய்ந்து, மே மாதத்துக்குள் பெரும்பாலும் ஏரிக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வருஷம் ஆற்றிலேயே வளரும். விலாவில் பெருவிரல் பதித்த மாதிரிக் கறுத்த அடையாளங்கள் வரிசையாக இருக்கும். ஜூலையில் நீங்கள் கண்டது பெரும்பாலும் இவைதான். 'சின்ன ஜாதி மீன்' என்று பொரிக்கக் கொண்டுபோகாதேங்கோ.

பெரிய மீன் கோடையில் ஆற்றில் நிற்காததுக்குக் காரணம் சூடு. 20 பாகைக்கு மேலே போனால் ட்ரவுட்டுக்குக் கஷ்டம், 25ஐ ஒட்டினால் உயிராபத்து. சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. றூஜின் கீழ்ப்பகுதி வெயில் பட்ட தார் றோட்டு மழைநீரையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் இதே ஆறுகளின் தலைப்பக்கம் வேறு கதை. வடக்கே ஓக் றிட்ஜஸ் மொறெய்ன் என்று 160 கிலோமீற்றர் நீளத்துக்கு மணலும் சரளையுமான மேடு கிடக்கு. மழையையும் உருகின பனியையும் குடித்து, வருஷம் முழுக்கக் குளிர்ந்த ஊற்றாக விடுவது அதுதான். இந்த மண்ணுக்கே உரிய புரூக் ட்ரவுட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்த பிரவுண் ட்ரவுட்டும் கோடையில் அந்த ஊற்றுவாய்களிலும், குளிர்ந்த சிற்றோடை வந்து கலக்கிற இடங்களிலும் ஒண்டிக்கொள்ளும். இவை முட்டையிடுவது வசந்தத்தில் இல்லை, ஒக்ரோபர், நவம்பரில். முட்டை பனிக்காலம் முழுக்கக் கல்லுக்கடியில் கிடக்கும். ஊற்றடிகளில் ஓகஸ்டில் தூண்டில் போடுவது என் கணக்கில் வேட்டை இல்லை, ஆஸ்பத்திரியில் களவெடுக்கிற மாதிரி. ஒரு தண்ணீர் வெப்பமானி வாங்கி வையுங்கோ. 20ஐக் காட்டினால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புங்கோ. பிடித்து விட்டாலும் அந்தச் சூட்டில் மீன் பிறகு செத்துப்போகலாம்.

செப்ரெம்பரில் திரும்பப் பெரிய மீன் ஏறும். அது ட்ரவுட் இல்லை, சினூக் சல்மன். முட்டையிட்டுச் செத்துவிடும், கரையெல்லாம் நாறும். வாயைத் திறந்து பார்த்தால் பிரித்துச் சொல்லலாம்: சினூக்கின் கீழ்த்தாடை முரசு (பல் ஈறு) கறுப்பு, ரெயின்போவுக்கு வாய் வெள்ளை. பிரவுணுக்கு வாலில் புள்ளி அநேகமாக இராது. இவற்றை நோகாமல் பார்க்க போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்றின் கோர்பெட் அணை மீன்வழிக்குப் போங்கோ: ஏப்ரலில் ரெயின்போ, செப்ரெம்பரில் சினூக்.

சட்டம் சுருக்கமாக. 18 முதல் 64 வயதுவரை அவுட்டோர்ஸ் கார்ட் என்கிற மாகாண அட்டையும் மீன்பிடி லைசன்சும் வேணும். ஒன்ராறியோவாசிக் கட்டணத்துக்குத் தொடர்ந்து ஆறு மாதம் இங்கே இருந்திருக்க வேண்டும். ட்ரவுட் காலம் தெற்கு ஒன்ராறியோவில் பொதுவாக ஏப்ரல் நாலாம் சனிக்கிழமை திறக்கும். முட்டையிடுகிற கூட்டத்தில் பெரும்பகுதி தப்பட்டும் என்றுதான் அந்தத் தேதி. சில ஆறுகளின் கீழ்ப்பகுதி மட்டும் இலையுதிர்காலத்தில் கூடுதல் நாள் திறந்திருக்கும். எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை, எத்தனை மீன் என்பதை அந்த வருஷ விதிப்புத்தகத்தில் உங்கள் மீன்பிடி வலயத்தின் கீழ் பார்க்க வேணும். பூங்கா நிலமென்றால் அறிவிப்புப் பலகையையும் வாசியுங்கோ. மீனின் உடம்பில் வேணுமென்று கொக்கி கொளுவி இழுப்பது குற்றம். பிடித்ததைக் கடைக்கு விற்பதும் குற்றம்.

குழம்பு நினைப்பு இருந்தால், முட்டையிட்ட மீன் வேண்டாம். சதை வெளிறிக் குழைந்துவிடும். ஏரியில் வளர்ந்த பெரிய மீனில் பிசிபி போன்ற நஞ்சுகளும் சேரும். மாகாண அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில் ஏரிப் பகுதியையும் மீன் நீளத்தையும் பார்த்தால் மாதத்துக்கு எத்தனை வேளை என்று போட்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனிக்கணக்கு, அது குறைவு. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எறியுங்கோ.

இனி உங்களுக்கு வாய்ப்பு ஒக்ரோபர் கடைசி. மழை கொட்டுகிற நாளில் தண்ணீர் பால்தேத்தண்ணி மாதிரிக் கலங்கியிருக்கும், மீன் தூண்டிலைக் காணாது. வற்றத் தொடங்கி, பச்சை பாய்ந்து, முழங்காலளவு தண்ணீரில் உங்கள் சப்பாத்து மங்கலாகத் தெரிகிற நேரத்தில் போங்கோ. றூஜ் நகரத்து ஆறு என்பதால் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். ஒரு நாள் பிந்தினாலும் தண்ணீர் கண்ணாடியாகிவிடும், மீன் உங்களை முதலில் கண்டுவிடும்.