சட்டம் போட்டால் பிறப்பு குறையுமா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மக்கள்தொகைக் கொள்கை, குடும்பக் கட்டுப்பாடு பற்றிச் சேலம் மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். இந்த மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றால் ரேஷன் கிடையாது, அரசு வேலை கிடையாது என்று நாடு முழுக்க ஒரு சட்டம் போட்டால் என்ன? — ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மாபேட்டை

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கட்டாயப்படுத்திப் பார்த்த அனுபவம் இந்த நாட்டுக்கே உண்டு. உலகிலேயே முதன்முதலாகக் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக எடுத்த நாடு இந்தியா, ஆண்டு 1952. அதிலும் சென்னை மாநிலம் முன்னால் நின்றது. ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 1956இலேயே இங்கே பணம் கொடுத்தார்கள். பிறகு இலக்கு வந்தது, இலக்கோடு நெருக்கடி வந்தது. எமர்ஜென்சியின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள். வட மாநிலங்களில் உங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கே ‘இத்தனை கேஸ் கொண்டுவா’ என்று கணக்கு வைத்தார்கள். கொண்டுவராதவர்களுக்குச் சம்பளம் நின்றது. 1977 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். அந்தக் கட்டாய ஆபரேஷன் பயத்தில் ஆண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். அன்று முதல் முழுச் சுமையும் பெண்ணின் வயிற்றின் மேல்தான்.

இப்போது தமிழ்நாட்டைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள். 1990களின் நடுவில் அது இரண்டை நெருங்கிவிட்டது. எந்தத் தண்டனைச் சட்டமும் இல்லை. கிராமத்துக்குச் சாலையும் பஸ்ஸும் வந்தன. பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து தடுப்பூசி போட்டார். பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்க்கு வந்தபிறகுதான் ‘இரண்டு போதும்’ என்ற பேச்சு அவள் காதில் ஏறியது. நாலு பெற்றால் இரண்டு பிள்ளையாவது தங்கும் என்று கணக்குப் போட்ட தாய்மார்களை என் வேலைக்காலத் தொடக்கத்தில் நானே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் ரேஷனை நிறுத்துவேன் என்று மிரட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மூன்றாவது குழந்தை பட்டினி கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

சில மாநிலங்கள் வேறு வழியில் முயன்றன. இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்றார்கள். ஹரியானாவின் அந்தச் சட்டம் செல்லும் என்று 2003இல் உச்சநீதிமன்றமே சொன்னது. ஆனால் நடைமுறையில், பதவிக்காக மனைவியைத் தள்ளிவைத்தவர்கள், பிறந்த பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர்கள், மறைத்தவர்கள் என்று கதைகள் குவிந்தன. ஹரியானா பின்னால் அதைக் கைவிட்டது. ஆந்திரா 2024இல் கைவிட்டது.

பங்களாதேஷில் 1970களில் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளுக்கு மேல். வறுமை நம்மைவிட அதிகம். அங்கே பெண் ஊழியர்கள் பையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். இன்று ஏறக்குறைய இரண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாடு 1.8, இந்தியா 2.0, பீகார் 3.0. பீகாருக்குத் தேவை பெண்கள் படிக்கும் பள்ளியும், மருந்து இருக்கிற சுகாதார நிலையமும். அதற்குச் செலவழிக்கச் சொல்லிக் குரல் கொடுங்கள் ஐயா, உங்களோடு நானும் வருகிறேன்.

ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்றால் மக்கள்தொகை குறைய வேண்டுமே? சேலத்தில் கூட்டம் கூடிக்கொண்டேதானே போகிறது? — கல்லூரி மாணவி, ஆத்தூர்

நல்ல கேள்வி, கண்ணு. ஒரு தலைமுறை தன்னைச் சரியாக ஈடுகட்ட 2.1 வேண்டும். அதற்குக் கீழே போனதும் தொகை உடனே இறங்காது. முன்பு அதிகமாகப் பிறந்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். தலைக்கு இரண்டுக்குக் குறைவாகப் பெற்றாலும், பெறுகிறவர்கள் எண்ணிக்கை பெரிது. முதியோரும் முன்பைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். இது அடங்க முப்பது, நாற்பது ஆண்டாகும். சேலத்துக் கூட்டத்தில் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களும் உண்டு. அது பிறப்போடு சேராது.

எனக்கு இரண்டும் பெண் குழந்தை. ஒரு பையனுக்காக இன்னொன்று பெறச் சொல்கிறார் மாமியார். ஆபரேஷன் செய்துகொண்டால் அரசு பணம் போடும் என்கிறார் அங்கன்வாடி டீச்சர். உண்மையா? — வாசகி, ஓமலூர்

உண்மைதான் தங்கச்சி. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். இரண்டும் பெண்ணாக இருந்தால் ஆளுக்கு ரூ.25,000 வைப்புத்தொகை, ஒரே பெண் என்றால் ரூ.50,000. ஆண் குழந்தை இருக்கக்கூடாது. வருமான வரம்பு உண்டு. இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது ஆகும் முன் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்துகொண்டதற்குச் சான்று வேண்டும். பிள்ளைக்கு 18 வயதானதும் வட்டியோடு கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அலுவலகத்தில் சமூக நலப் பிரிவு அலுவலரிடம் இன்றைய விதிகளை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

‘பெற்றோரில் ஒருவர்’ என்பதை வீட்டில் அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் செய்துகொள்ளலாம். பெண் குழந்தைக்கான பணத்தை ஆபரேஷனோடு முடிச்சுப் போட்டதில் எனக்கு உடன்பாடில்லை. கத்திக்குப் போகிறவள் எப்போதும் தாய்தான். ஆனால் நீங்களே இரண்டோடு நிறுத்த முடிவு செய்திருந்தால் அந்தத் தொகையை விடாதீர்கள்.

மாமியாரிடம் சொல்ல இரண்டு செய்தி. குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தையின் உயிரணு. மருமகளைக் குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை. ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இந்தக் கேள்வி ஓமலூரிலிருந்து வந்ததால் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டியிருக்கிறது. அரசு ‘சின்னக் குடும்பம்’ என்று சுவரெல்லாம் எழுதியது. குடும்பம் சிறுத்தது. ஆண் வாரிசு ஆசை சிறுக்கவில்லை. ஐந்து பெற்ற காலத்தில் அதில் ஒரு பையன் எப்படியும் வந்துவிடுவான். இரண்டுதான் என்று ஆனபோது பெண் குழந்தைக்கு இடமில்லாமல் போனது. சேலம் மாவட்டத்தில் பெண் சிசுக்கள் பிறந்த சில நாளில் ‘இறந்துபோயின’. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் நம் சேலத்தில்தான் தொடங்கியது. கொல்லாதே, இங்கே போட்டுவிட்டுப் போ என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. பெண்ணைக் கைவிடுவதை அது எளிதாக்கிவிட்டது என்று விமர்சித்தவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்தத் தொட்டிலால் உயிர் பிழைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். என் தராசில் அதுவே கனம்.

2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சேலத்தில் 851 பெண் குழந்தைகள். 2011இல் 916. முன்னேற்றம்தான், ஆனால் மாநிலச் சராசரி அப்போதே 943. ‘இரண்டு போதும்’ என்று சொல்லும் எந்த அரசும் ‘இரண்டும் பெண்ணானாலும் போதும்’ என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொத்தில் பங்கு, படிப்பு, வேலை என்று அதை நடத்தியும் காட்டியிருக்க வேண்டும்.

நாம் குறைத்துக்கொண்டதற்குத் தண்டனையாக எம்.பி. தொகுதி குறையும் என்கிறார்கள். தறிக்கு ஆள் இல்லாமல் ஒடிசா, பீகாரிலிருந்து வருகிறார்கள். இனி அதிகமாகப் பெற வேண்டுமா? — விசைத்தறி உரிமையாளர், எடப்பாடி

தொகுதிக் கவலை நியாயமானது. குறைத்த மாநிலம் நட்டப்படக்கூடாது என்றுதான் 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் 1971 மக்கள்தொகைக் கணக்கோடு தொகுதி எண்ணிக்கையை நிறுத்தியது. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது 84ஆவது திருத்தம். அந்த நியாயத்தை அரசியலில் போராடிப் பெற வேண்டும். மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிடும் கணக்கில் பதினைந்தாவது நிதிக்குழு பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்கென்று 12.5 சதவீத மதிப்பு ஒதுக்கியது. வாதாடினால் இடம் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. அதற்காக ஒரு பெண் இன்னொரு பிரசவத்துக்குப் போக வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

பிறப்பு விகிதம் ஏறச் சொன்னதும் ஏறாது என்பதும் ஒன்று. சீனா 1980 முதல் ‘ஒன்றே ஒன்று’ என்று கட்டாயப்படுத்தியது. 2016இல் இரண்டு, 2021இல் மூன்று என்று தளர்த்தியது. 2022 முதல் அங்கே மக்கள்தொகை இறங்குகிறது. தென்கொரியா பணத்தைக் கொட்டியும் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தைதான். நம் மாநிலத்தில் 2011லேயே நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது தாண்டியவர்கள். அந்த முதியோருக்கான ஏற்பாட்டை இப்போதே தொடங்க வேண்டும். உங்கள் தறிக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் இங்கேயே படிக்கட்டும். நாளைய சேலத்துக்காரர்கள் அவர்களும்தான்.

மூன்றாவது பிரசவத்துக்கு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு உண்டா? — வாசகி, அஸ்தம்பட்டி

விதி இரண்டு குழந்தை வரை என்றுதான் இருந்தது. ஆனால் தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்காக விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் சொல்லி, விடுப்பு தர உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை இணைத்து விண்ணப்பியுங்கள்.

முதல் குழந்தைக்கு ஐந்து மாதம். அடுத்தது இப்போது வேண்டாம். ‘காப்பர்-டி வைத்தால் நெஞ்சுக்கு ஏறிவிடும்’ என்கிறார்கள். காபித் தோட்டத்தில் வேலை. — 20 வயது வாசகி, ஏற்காடு மலைக் கிராமம்

ஏறாதம்மா. கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே கிடையாது. மலைக்கு ஏறி வந்த ஒவ்வொரு செவிலியரும் கேட்ட கதை இது. காப்பர்-டி வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டு வரை காக்கும். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், உடனே கருத்தரிக்கவும் முடியும். மாதவிடாய்ப் போக்கு கொஞ்சம் கூடலாம். அதனால் முதலில் ரத்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘அந்தாரா’ என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பால் கொடுக்கும் தாய்க்கும் ஆகும். மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதம் தாமதமாகும். ‘சாயா’ என்ற கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் இல்லை: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இரண்டும் அரசு நிலையங்களில் இலவசம். காபி பறிப்பு மும்முரத்தில் ஊசித் தேதி தவறிவிடும், காலண்டரில் குறித்துவையுங்கள். பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால் உங்கள் உடம்பு தேறும், கைக்குழந்தைக்கும் பால் குறையாது.

உங்கள் ஊரில் 18 ஆகும் முன் எந்தப் பெண்ணுக்காவது கல்யாணம் பேசினால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். முதல் பிரசவம் தள்ளிப்போவதே தாய்க்கும் பிள்ளைக்கும் முதல் பாதுகாப்பு.

ஆண்கள் ஆபரேஷன் செய்தால் பலம் போய்விடுமா? லாரி ஓட்ட முடியுமா? — ஓட்டுநர், சங்ககிரி

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்டுகிறேன். தமிழ்நாட்டில் கருத்தடை செய்துகொண்ட குடும்பங்களில் நூற்றுக்கு ஒருவர்கூட ஆண் இல்லை.

பலம் போகாது. விந்தணு வரும் குழாயை மட்டும் அடைக்கிறார்கள்; ஹார்மோன் அப்படியே சுரக்கும், தாம்பத்தியத்தில் மாற்றம் இருக்காது. இப்போதைய முறையில் கத்தி வைப்பதில்லை, தையலும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியே கால் மணி நேரத்தில் முடியும். அன்றே வீட்டுக்குப் போகலாம். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்வதைவிட இது எத்தனையோ எளிது. இரண்டு நாள் ஓய்வு. ஒரு வாரம் லோடு தூக்காதீர்கள், நீண்ட ட்ரிப் எடுக்காதீர்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. செய்த உடனே பலன் வராது. மூன்று மாதம் ஆணுறை போட்டுக்கொண்டு, பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியானபின்தான் விட வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே சிறப்பு முகாம்கள் நடக்கும். மற்ற நாட்களில் அரசு மருத்துவமனையில் கேட்டால் தேதி கொடுப்பார்கள். இதைத் திரும்ப மாற்றிக்கொள்வது கடினம். ஆகவே பிள்ளைகள் போதும் என்று நீங்களும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தபின் போங்கள்.