‘யாரும் கண்டுவிட்டால்?’: உளவளத்துணை பற்றி இளையோர் கேட்டவை

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக, அதாவது மனநல ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி (19 வயது, கொக்குவில்): அக்கா, உயர்தரத்தில் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. ஒரு மாதமாக நித்திரை இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. சோம்பல் என்கிறார் அம்மா.

பதில்: தம்பி, சோம்பேறிக்கு நித்திரை நன்றாகவே வரும். சோர்வு இரண்டு கிழமைக்கு மேல் நீடித்து நித்திரையையும் பசியையும் கெடுத்தால், அது மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். சாக வேண்டும் போல இருக்கிறதா என்றும் நேராகக் கேட்பார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்.

கேள்வி: பெரியம்மா வைத்தியசாலையில் தாதி. நான் அங்கே போனால் ஊருக்கே தெரிந்துவிடாதா?

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒரு வாசலில் சைக்கிள் நின்றாலே கதை கட்டும் ஊர் நம்முடையது. ‘விசர்’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். நீங்கள் பேசுவது இரகசியம். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் விதிவிலக்கு உண்டு. இரகசியத்தின் எல்லை எது என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வைத்தியசாலை கூச்சமாக இருந்தால் சாந்திகம் போன்ற ஆலோசனை நிலையத்தில் தொடங்கலாம்.

கேள்வி (ஒரு தந்தை): மகளுக்குக் கோயிலில் நூல் கட்டினோம். இப்போது மாத்திரை தந்திருக்கிறார்கள். பழகிவிடுமா?

பதில்: நூல் கையில் இருக்கட்டும் ஐயா. மனச்சோர்வு மருந்து போதைப்பொருளைப் போல அடிமையாக்குவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகலாம். பத்தாம் நாள் ‘ஒன்றும் காணோம்’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: உயிரை மாய்க்க முயன்ற தோழியைக் கொண்டுபோனால் வழக்கு வருமா?

பதில்: வராது. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல. உடனே கொண்டுபோங்கள்.

கேள்வி: அம்மாவிடம் எப்படித் தொடங்குவது?

பதில்: ‘நித்திரை வருவதில்லை, வைத்தியரிடம் போக வேண்டும்’ என்று தொடங்குங்கள். கூட வரட்டும். உள்ளே தனியாகப் பேச வேண்டும் என்று வைத்தியரிடம் நீங்களே கேட்கலாம்.