பாட்டி நடிக்கிறாங்களா?

சார் வணக்கம். எங்க பாட்டிக்கு 84 வயசு. சாப்ட்டு பத்து நிமிஷம் ஆகல, "எனக்கு யாரும் சோறு போடல"ன்னு அழறாங்க. ஆனா அவங்க கல்யாணத்துல யாரு கோவிச்சுக்கிட்டு போனாங்கன்றது வரைக்கும் சொல்றாங்க. பூவைக் கைல குடுத்தா எங்க எல்லாரையும் விட வேகமா கட்டுறாங்க. சித்தி இதெல்லாம் நடிப்புன்றாங்க. அப்படியும் இருக்குமா?
ஒரு வாசகி, கும்பகோணம்

வணக்கம்மா,

நடிப்பு இல்ல. சித்திகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டுங்க.

அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தர், தீராத வலிப்பு, 1953ல அவருக்கு 27 வயசு இருக்கறப்ப ஸ்கோவில்னு ஒரு டாக்டர் ஆபரேஷன் பண்ணி மூளையோட ரெண்டு பக்கமும் இருக்கற ஹிப்போகேம்பஸ்ங்கற உறுப்புல பெரும்பகுதியை எடுத்துட்டார். வலிப்பு கொறஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் நடந்த எதுவுமே மனுஷனுக்கு மனசுல தங்கல. நல்லாத்தான் பேசுவார், கொஞ்சம் கவனம் திரும்பினா போதும், பேசினதே மறந்துடும். பிரெண்டா மில்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா அவரை டெஸ்ட் பண்ணாங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா அறிமுகம் பண்ணிக்கணும். ஆனா சின்ன வயசு விஷயமெல்லாம் சொல்வார்.

பாத்தது, கேட்டது, வாசனை எல்லாம் மூளையோட மேலடுக்குல வேற வேற இடத்துல பதியுது, அதையெல்லாம் ஒரே சம்பவமா கோக்கறது ஹிப்போகேம்பஸ். நாளாக ஆக, முக்கியமா நாம தூங்கறப்ப, மேலடுக்கே அந்த இணைப்பைக் கெட்டிப்படுத்திக்குது. அல்சைமர்ங்கற மறதி நோய் பெரும்பாலும் மொதல்ல கை வைக்கறது ஹிப்போகேம்பஸ் பக்கம்தான். அப்ப பழசு இருக்கும், காலைல சாப்ட்ட இட்லி பதிஞ்சிருக்கவே இருக்காது. பதியாததை பாட்டி எங்கம்மா போய் தேடுவாங்க?

பூ கட்டறது வேற கணக்கு. மில்னர் மொலைசன்கிட்ட ஒரு நட்சத்திரப் படத்தைக் குடுத்து, கண்ணாடில மட்டும் பாத்துக்கிட்டே கோடு போடச் சொன்னாங்க. போட்டுப் பாருங்க, கை எங்கேயோ போகும். மூணு நாள் பயிற்சில அவர் நல்லாவே தேறிட்டார், ஆனா இதுக்கு முன்னாடி போட்டதா சுத்தமா ஞாபகம் இல்ல! இவ்ளோ நல்லா வருதேன்னு அவருக்கே ஆச்சரியம். கைப்பழக்கத்தைப் பாத்துக்கறது மூளையோட வேற பகுதிங்க, அது ஹிப்போகேம்பஸை நம்பி இல்ல.

ஒண்ணு, கல்யாணக் கதையை முழுசா நம்பிடாதீங்க. பாட்டின்னு இல்ல, உங்களுக்கும் எனக்கும் கூட மூளை வீடியோ மாதிரி ஓட்டிக் காட்டறதில்ல, ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டா எடுத்து புதுசா கட்டுது, அப்ப நடுவுல ஏதாவது சேரும், ஏதாவது விழும். கோவிச்சுக்கிட்டு போனவர் பேரு அடுத்த மாசம் மாறினாலும் மாறும், அதை வெச்சு பழைய சொந்தக்கார சண்டையக் கிளப்பாதீங்க.

வர்றவங்கள்லாம் "நான் யாரு சொல்லுங்க பாப்போம்"னு பரீட்சை வைக்கறதை மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க, எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். சோறு கேட்டா வாக்குவாதம் வேணாம், கொஞ்சமா ஏதாவது குடுத்து பேச்சை மாத்துங்க. நரம்பியல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, ஏன்னா இது அல்சைமர்னு நானோ நீங்களோ முடிவு பண்ண முடியாது, பி12 வைட்டமின் கொறஞ்சாலும் தைராய்டு கோளாறுனாலும் மறதி வரும், அதெல்லாம் ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சுடும். போறப்ப பாட்டி சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, சில தூக்க மாத்திரைகளும் ஞாபகத்தைக் கெடுக்கும்.