தாம்பரம் பக்கம் நாலு போர்ஷன் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் கட்டுபடியாகுமா? செலவையும் ரிஸ்க்கையும் எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கொடுத்திருக்கும் கணக்கு இது: விலை 1.40 கோடி, நான்கு போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் 11,000 வீதம் மாதம் 44,000 வாடகை. கையில் 60 லட்சம், மீதி 80 லட்சம் வங்கிக் கடன். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று புரோக்கர் சொல்கிறார்.

கட்டாது. 80 லட்சத்துக்கு 8.5 விழுக்காடு வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 69,400. வாடகை ஒரு பைசா குறையாமல் வந்தாலும் மாதம் 25,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். குறையாமல் வரவும் வராது.

சேலையூர் பக்கம் எங்களுக்கு இதே மாதிரி ஒரு வீடு இருக்கிறது. அப்பா கட்டியது. கீழே இரண்டு, மேலே இரண்டு. அவருக்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு விடுவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இங்கே பணம் வீடுகளுக்குள் செலவாவதில்லை. பொதுவில் செலவாகிறது. நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி), ஒரு போர், ஒரு செப்டிக் டேங்க், ஒரு மொட்டை மாடி. இதில் ஒன்று படுத்தால் ஒரு குடித்தனம் இல்லை, நாலு குடித்தனமும் போன் போடும். அதனால் வாங்கும்போதும் சரி, பராமரிக்கும்போதும் சரி, முடிந்த வரை எதையெல்லாம் போர்ஷன் போர்ஷனாகப் பிரிக்க முடியுமோ அதைப் பிரித்துவிடுவதுதான் என் வழி.

தண்ணீரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கும். மாடியில் 2,000 லிட்டர் டேங்க் ஒன்றை வைத்து நாலு வீட்டுக்கும் இறக்கினால், "மேல் வீட்டுக்காரங்க நாள் பூரா வாஷிங் மெஷின் போடறாங்க சார்" என்ற புகார் நிற்கவே நிற்காது. அதை எடுத்துவிட்டு 500 லிட்டர் டேங்க் நான்கு வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, தனி லைன். பிளம்பருக்கு அன்றைக்குக் கொடுத்த பணம் எப்போதோ திரும்பிவிட்டது. யார் வீட்டு ஃபிளஷ் ராத்திரி முழுக்க ஒழுகுகிறது என்பது, காலையில் எந்த டேங்க் காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

போர் மோட்டார் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் நிற்கும். ஸ்டார்ட்டர் பெட்டியில் பட்டனை அழுத்தினால் ஒரு உறுமல், உடனே டிரிப். எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்தால் கெபாசிட்டர் வயிறு உப்பிக் கிடக்கும். அது மட்டும்தான் என்றால் சில நூறு ரூபாயோடு போயிற்று. அதே அளவில் ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். காயில் எரிந்திருந்தால் ஆள் வைத்து மோட்டாரை மேலே தூக்கி, ரீவைண்டிங் கொடுத்து, திரும்ப இறக்க வேண்டும். அதுவரை நாலு குடும்பத்துக்கும் லாரித் தண்ணீர்தான். சம்ப் இருந்து, லாரிக் குழாய் எட்டும் இடத்தில் அதன் மூடியும் இருந்தால் பிழைத்தீர்கள். 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த யாரும் சம்ப் இல்லாத வீட்டை வாங்க மாட்டார்கள்.

மின்சாரம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே தடவைதான். யூனிட் கூடக் கூடக் கட்டண ஸ்லாபும் ஏறும். அப்புறம் சப்-மீட்டர் வைத்து, ஓனர் யூனிட்டுக்கு ஒரு விலை சொல்லி வசூலிப்பது என்று போகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அவரவர் பில்லை அவரவர் கட்டினால் ஓனருக்குப் பாதித் தலைவலி மிச்சம். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் உள்ள பொது மீட்டர் உங்கள் கணக்கு. பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்பு என்றால் பொதுப் பயன்பாட்டுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. 2023 அக்டோபரில் யூனிட் 8 ரூபாயாக இருந்ததை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். பிறகு வந்த மாற்றம் எதுவானாலும், உங்கள் பொது இணைப்பு அந்த வகையில் இருக்கிறதா என்று ஈ.பி. ஆபீஸில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

செப்டிக் டேங்க் பற்றி யாரும் பேசுவதில்லை. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் நாலு குடும்பத்துக் கழிவும் ஒரே தொட்டிக்குத்தான் போகும். இரண்டு வீட்டுக்கென்று கட்டிய தொட்டியில் நாலு வீடு சேர்ந்திருந்தால் மழைக்காலத்தில் கீழ் போர்ஷன் பாத்ரூமில் கழிவு எதிர்த்து மேலே வரும். லாரி கூப்பிட்டால் எடுத்துவிடுவார்கள், 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. "அடியில் கெட்டியா இருக்கு, ஒரு ஆளை இறக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்டை மூடிவிடுங்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். ஆளை அமர்த்திய வீட்டுக்காரரும் இதில் மாட்டுவார். விஷவாயுவில் ஒரு உயிர் போனால் சட்டம் என்ன சொல்கிறது என்பது அப்புறம், அந்த வீட்டில் நீங்கள் எப்படிக் காலை வைப்பீர்கள்?

மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து கீழ் வீட்டு சீலிங்கில் ஒழுகுவது இன்னொன்று. முக்கால்வாசி நேரம் நஹானி டிராப் (பாத்ரூம் தரைத் தண்ணீர் வடியும் குழி) சுற்றியுள்ள இணைப்புதான் காரணம். கீழே பெயின்ட் அடித்து மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஈரம் கம்பிக்குப் போய், துரு ஏறி, காரை பெயர்ந்து விழ ஆரம்பித்தால் செலவு பத்து மடங்கு. வீடு பார்க்கப் போகும்போது சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் மேல் பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங்கையும் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தெருவையும் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. கேட்டிலிருந்து உள்ளே இறங்கிப் போகிற வீடு என்றால் கீழ் போர்ஷன் இரண்டும் மழைக்குக் காலியாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அக்கம்பக்கத்தில் கேளுங்கள், ஓனரிடம் கேட்காதீர்கள். வெள்ளம், தீ, புயலுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசியை 2021 ஏப்ரலிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கொடுக்கின்றன. பாலிசியில் உள்ள சேதத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகை இழப்புக்கும் அதில் இடம் உண்டு. கட்டடத்தை மறுபடி கட்டும் செலவுக்குப் போடுங்கள். மனை விலைக்குப் போட வேண்டாம், மண்ணை வெள்ளம் கொண்டுபோகாது.

குடித்தனக்காரர்கள் விஷயத்தில் எனக்கு ரொம்பப் பயம் இல்லை. நாலு போர்ஷனில் ஒன்று காலியானாலும் மூன்று வாடகை வரும், இந்த மாதிரி வீட்டின் உண்மையான பலமே அதுதான். காலியாகும் மாதத்தை மட்டும் கவனியுங்கள். ஆனி முடிவில் ஒருவர் போனால் ஆடி முழுக்க டு-லெட் போர்டு தொங்கும், யாரும் பால் காய்ச்ச வர மாட்டார்கள். மார்கழியும் அப்படியே. அதனால் அக்ரிமென்ட் ஏப்ரல், மே மாதங்களில் முடிகிற மாதிரி போடுவேன். பள்ளி மாறும் சமயம், ஆள் சுலபமாகக் கிடைக்கும். நாலும் ஒரே மாதத்தில் முடியாமலும் பார்த்துக்கொள்வேன்.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். "பதினொரு மாசம்தானே, வெறும் பத்திரம் போதும்" என்ற பழைய பழக்கம் இனி உதவாது. அட்வான்ஸ், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. எது யார் செலவு என்பதும் அந்தச் சட்டத்திலேயே பட்டியலாக இருக்கிறது: கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, பைப், வயரிங் ஓனருக்கு, குழாய் வாஷர், சுவிட்ச், அடைப்பு எடுப்பது குடியிருப்பவருக்கு. இதை அக்ரிமென்டிலும் ஒரு பத்தியாக எழுதிவிட்டால் மாதம் இரண்டு போன் குறையும். வாடகை பாக்கி என்றால் நோட்டீஸ் கொடுங்கள், தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். அது சட்டப்படி தப்பு, கேஸும் உங்கள் பக்கம் திரும்பும்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை. முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு தள்ளுபடி, அதிகபட்சம் 5,000. கட்டிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வருமான வரியில் அது கழியும். அந்தத் தொகை போக மீதி வாடகையில் 30 விழுக்காடு கழிவு தருவார்கள், நீங்கள் ரிப்பேருக்கு எவ்வளவு செலவழித்தாலும் அதே 30தான். உங்கள் கடனுக்கு முதல் வருட வட்டி ஏழு லட்சத்துக்குப் பக்கம் வரும், வாடகையைத் தாண்டி நஷ்டம் காட்டும். பழைய வரி முறையில் அந்த நஷ்டத்தில் இரண்டு லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. புரோக்கர் சொல்லும் "டாக்ஸ் பெனிஃபிட்" இவ்வளவுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். வருட வாடகை 5.28 லட்சம். வருடத்தில் இரண்டு போர்ஷன்-மாதம் காலி என்று 22,000, சொத்து வரி 12,000, பொது கரண்ட், லாரித் தண்ணீர், செப்டிக் எல்லாம் 30,000, குடித்தனம் மாறும்போது பெயின்ட், புரோக்கர் 20,000, பெரிய ரிப்பேருக்கென்று தனிக் கணக்கில் 60,000. ஆக 1.44 லட்சம் போய் 3.84 லட்சம் நிற்கும். இது என் அனுபவத்தில் வைத்த மதிப்பு, உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். விலையோடு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு சேர்த்தால் கிட்டத்தட்ட 1.53 கோடி முடக்குகிறீர்கள். வருமானம் 2.5 விழுக்காடு. போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமே 8.2 கொடுக்கிறது, அங்கே மோட்டார் நிற்காது. வித்தியாசத்தை மனை விலை ஏற்றம் ஈடுகட்டும் என்று நம்பினால் மட்டும் வாங்குங்கள். தாம்பரத்தில் அது நடக்கலாம், ஆனால் அதற்குப் பெயர் வாடகை வருமானம் இல்லை.

வாங்குவது என்றே முடிவானால், பேச்சுக்கு முன் நாலு குடித்தனத்தாரிடமும் நேரில் கேளுங்கள்: எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்கள், வாடகைக்கா லீஸுக்கா? நம் பக்கம் ஏழெட்டு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் விடுவது சாதாரணம். விற்பவர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார். நீங்கள் வாங்கிய பிறகு அவர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில். லீஸ் தொகை, அட்வான்ஸ் எல்லாவற்றையும் கூட்டி விலையில் கழித்து, அதை விற்பனை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள். பிளான் அப்ரூவல் எத்தனை வீட்டுக்கு என்பதையும் பாருங்கள், இரண்டுக்கு வாங்கி நாலு கட்டியிருந்தால் வங்கி மதிப்பீட்டாளரே நிறுத்திவிடுவார். நானாக இருந்தால் 1.15 கோடிக்கு மேல் போக மாட்டேன். அந்த விலைக்கு அவர் இறங்கவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.