கேளுங்கள் சொல்கிறோம்: ரொட்டிக்குள் மோதிரம்

கேள்வி: அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள் மகள். அக்டோபர் கடைசியில் கூட வேலை பார்ப்பவர்கள் பழரொட்டி வெட்டினார்களாம். இவள் துண்டில் மோதிரம் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்களாம். என்ன சாங்கியம் இது? நான் வீட்டில் செய்யலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்த ரொட்டிக்கு பார்ம்பிராக் என்று பெயர். அக்டோபர் 31 ஹாலோவீன் இரவில் வெட்டுவார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம் என்பது நம்பிக்கை. அந்தக் காலத்தில் காசு, கந்தல் துணி, பட்டாணி, குச்சி எல்லாமே உள்ளே இருக்கும். காசுக்குச் செல்வம், கந்தலுக்கு வறுமை, பட்டாணிக்கு இந்த வருடம் கல்யாணம் இல்லை. குச்சி வந்தால் சண்டை சச்சரவான இல்வாழ்க்கை. இப்போது பெரும்பாலும் மோதிரம் மட்டும்தான், அதுவே நல்லது.

தாராளமாகச் செய்யலாம். கறுப்பும் மஞ்சளுமாக உலர் திராட்சை 350 கிராமை, 300 மில்லி கடுப்பமான கட்டன் சாயாவில் (பால் சேர்க்காத தேநீர்) ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் திராட்சை உப்பி, தோல் பளபளவென்று இருக்க வேண்டும். ஊறல் குறைந்தால் அது மாவின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ரொட்டி வறண்டு உதிரும். மிச்ச சாயாவோடு முட்டை 1, நாட்டுச் சர்க்கரை 125 கிராம், மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், பட்டை ஜாதிக்காய்ப் பொடி 1 டீஸ்பூன் கலக்கவும். சாயா நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும். ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். ஓவனில் வைக்கும் முன்பே மோதிரத்தை பட்டர் பேப்பரில் மடித்து மாவுக்குள் வையுங்கள். வெட்டுவதற்கு முன்னாலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், பல் உடையும். சின்னக் குழந்தைகளுக்கு நீங்களே பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு கைகள் இதயத்தைத் தாங்கும் மோதிரத்தை எந்தப் பக்கம் பார்த்துப் போட வேண்டும்?
- வாசகர், செங்கோட்டை

பதில்: அது கிளாடா மோதிரம். அயர்லாந்தின் கால்வே நகரை ஒட்டிய கிளாடா என்ற மீனவர் ஊரின் பெயர். கைகள் நட்பு, இதயம் காதல், மேலே உள்ள கிரீடம் விசுவாசம். வலது கையில் இதயத்தின் கூர்முனை விரல் நுனியைப் பார்த்தால் தனியாள். மணிக்கட்டைப் பார்த்தால் மனதில் ஒருவர் உண்டு. இடது கையில் விரல் நுனியைப் பார்த்தால் நிச்சயம் ஆனவர், மணிக்கட்டைப் பார்த்தால் கல்யாணம் ஆனவர். கழற்றி மாட்டும்போதுதான் திசை மாறிப் போகும், கவனியுங்கள்.

கேள்வி: நமக்கு ஆடி, கர்க்கடகம் போல அயர்லாந்துக்காரர்களுக்கும் கல்யாணத்துக்கு விலக்கு மாதம் உண்டா?
- வாசகி, குமுளி

பதில்: அந்தக் காலத்தில் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் கல்யாணம் நடக்காது. மே மாதமும் ஆகாது என்பார்கள். அதனால் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்குள் ஊரெல்லாம் கல்யாணமாக இருந்தது. அதற்குள் ஆகாதவர்களுக்கு, தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று பூசைக்குப் போகும்போது முதுகில் சாக்பீஸால் கோடு கிழித்தார்கள். அந்த நாளுக்கே சாக் ஞாயிறு என்று பெயர்.